சத்தியத்தை விட உயிர் பெரிது

ஆலயத் துணைப்பாட வகுப்பில் ஒரு மாணவன், "அண்ணே, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்றான். செய்தேன். "வாழவே பிடிக்கலை" என்றான். இரவெல்லாம் உறக்கமில்லை. விடிந்ததும் அவன் தாயாரிடம் சொல்லிவிட்டேன்.

அதில் நான் கற்ற பாடங்கள் இவை:

1. உயிருக்கு ஆபத்தென்றால் இரகசியம் காக்க இயலாது என்பதைத் தொண்டர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
2. "சாக நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.
3. ஆமென்றால், தனியே விடக்கூடாது. மாத்திரை முதலியவற்றை அப்புறப்படுத்தி, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் 2020 முதல் தற்கொலை முயற்சி குற்றமல்ல. போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

அந்த மாணவன் சில வாரங்கள் என்னோடு பேசவில்லை. இவ்வாண்டுத் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் என்னருகே நின்று தொண்டு செய்தான்.