பிட்டு மாற்றும் இரண்டு நிமிடம்

கறம்பக்குடியில் எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகைதான் பட்டறை. ஒரு மேசை டிரில், இரண்டு கை ரௌட்டர், கடன் வாங்கிப் போட்ட ஒரு சிஎன்சி கார்விங் மெஷின். நிலைக்கதவு, பூஜையறைக் கதவு, ஊஞ்சல் பலகை என்று வேலை ஓடுகிறது. என் இடது ஆள்காட்டி விரலில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. அணைத்த மெஷினில் பிட்டைக் கழற்றும்போது வந்தது அது. ஓடுகிற மெஷினைக் கண்டால் எல்லோருமே கையை எட்ட வைத்துக்கொள்கிறோம், நின்றதும்தான் அசட்டையாகிவிடுகிறோம். வீட்டில் ஒரே ஒரு டிரில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளதில் பாதி பொருந்தும்.

1. கரண்டு போன நேரத்தில் பிட்டில் கை வைக்காதீர்கள். எங்கள் பட்டறையில் தம்பி ஒருவன் அடிக்கடி கேட்பான்: "அண்ணே, சும்மாதானே நிக்குது, இந்த நேரத்துல பிட்ட மாத்திரலாமா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சுவிட்ச் ஆன் ஆகவே இருக்கிறதே! சாதாரண சுவிட்ச் போட்ட மேசை டிரில், கரண்டு திரும்பிய நொடியே சுற்ற ஆரம்பிக்கும். ஆகவே கரண்டு போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது, இரண்டாவது பிளக்கைப் பிடுங்குவது, பிட்டெல்லாம் அதற்கப்புறம். கரண்டு திரும்பினாலும் பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினால் மட்டுமே ஓடுகிற சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன. பழைய மேசை டிரில்லுக்கு அதை மாட்டிவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் போகும். அப்போதும் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

2. பிட்டை இறுக்கும் நட்டின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். மெஷினை அணைத்த பிறகும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். தூசி உறிஞ்சும் மோட்டார் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தால் ஸ்பிண்டில் சுற்றும் சத்தம் காதில் விழாது. வழவழப்பான பிட்டு சுற்றினாலும் நிற்பது போலவே தெரியும். பொட்டு தெளிவாக ஒரே இடத்தில் தெரிந்தால் நின்றுவிட்டது. வளையமாகத் தெரிந்தால் இன்னும் சுற்றுகிறது. என் தழும்புக்கு அப்புறம் வைத்த பொட்டு இது.

3. சிவப்புக் காளான் பொத்தானை அமுக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். அது ஓட்டத்தை நிறுத்துவதற்கு. பல சிஎன்சி மெஷின்களில் அதை அமுக்கிய பிறகும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. பெட்டிக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். பிட்டு மாற்ற மெயின் சுவிட்சையே இறக்குங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலை என்றால் மெயினை இறக்கிய பிறகும் பெட்டியில் எழுதியிருக்கிற நிமிடங்கள் வரை காத்திருக்க வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பட்டறை வீட்டோடு இருந்தால் மெயினுக்கு ஒரு சின்னப் பூட்டு போடுவது நல்லது. "ஏன் ஃபேன் ஓடல?" என்று உள்ளேயிருந்து வந்து மெயினைத் தூக்கிவிடுகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

4. கையில் காசிக்கயிறு, காப்பு, மோதிரம், கழுத்தில் துண்டு. எதுவும் வேண்டாம். 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவர் உடம்போடு ஒட்டிய உடை போட வேண்டும் என்று சொன்னது. கூடமாட உதவிக்கு வரும் வீட்டுப் பெண்கள் பின்னலைக் கொண்டையாக்கி, முந்தானையைச் செருகிக்கொள்ளட்டும். தோல் கையுறை பிட்டைப் பிடிக்கும்போது மட்டும். சுவிட்சைப் போடும் முன் கழற்றிவிடுங்கள். சுற்றும் பிட்டில் கையுறை நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

5. ஸ்பானரை இழுக்கிற திசையில் பிட்டு இருக்கக் கூடாது. இறுகிய நட்டு 'டக்' என்று விட்டுக்கொடுக்கும்; கை நேராக வெட்டு முனையில் போய் இடிக்கும். ஒரு ஸ்பானர் ஸ்பிண்டிலில், இன்னொன்று நட்டில், இரண்டு கைப்பிடிக்கும் நடுவே சிறிய கோணம் மட்டும் இருக்கும்படி மாட்டி, இரண்டையும் ஒரே கையால் நெருக்குங்கள். நெருக்கிய கை அங்கேயே நின்றுவிடும், எங்கும் பாயாது. நெருக்கும் முன் பிட்டின் மேல் தடித்த கோணித் துண்டைச் சுற்றிவிடுங்கள். கீழே ஒரு மரக்கட்டையும் வையுங்கள். கார்பைட் பிட்டு இரும்பு மேசையில் விழுந்தால் முனை தெறித்துவிடும். விழுவதைப் பிடிக்கக் கை தானாகப் போகும், அதுதான் இன்னும் மோசம்.

6. பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டை முதலில் நட்டில் மாட்டுங்கள், பிறகு ஸ்பிண்டிலில். இதைத் தலைகீழாகச் செய்யாத பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. சிஎன்சி மெஷின்களில் பெரும்பாலும் வருவது இஆர் வகைக் காலெட். சுவிட்சர்லாந்தின் ரெகோஃபிக்ஸ் நிறுவனம் 1970-களில் கொண்டுவந்தது. அதன் நட்டுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிய வளையம் இருக்கும். காலெட்டைச் சாய்த்து அந்த வளையத்தில் நுழைத்து அழுத்தினால் 'கிளிக்' என்று உட்காரும். அப்புறம்தான் பிட்டைச் செருகி, நட்டைத் திருகவேண்டும். காலெட்டை வெறுமனே ஸ்பிண்டிலில் போட்டு மேலே நட்டை இறுக்கினால் பிட்டு நடுவில் நிற்காமல் ஆடும், கழற்றும்போது காலெட்டும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிட்டு இல்லாமல் வெறும் காலெட்டை இறுக்கவும் கூடாது. கை ரௌட்டரில் பிட்டை அடிவரை செருகி, 2 மில்லிமீட்டர் மேலே தூக்கி இறுக்குங்கள்.

7. 6 மில்லிமீட்டரும் கால் அங்குலமும் ஒன்றல்ல. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கை ரௌட்டரின் கால் அங்குலக் காலெட்டில் 6 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டுப் பலம்கொண்டமட்டும் இறுக்கினால் பிடித்ததுபோலவே இருக்கும். மரத்தில் இறங்கியதும் மெல்ல நழுவும். சந்தேகம் இருந்தால் வெர்னியரால் அளந்து பாருங்கள். பிட்டை மாட்டியதும் காலெட் முடிகிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு கோடு கீழே இறங்கியிருந்தால் பிடி சரியில்லை. அரை அங்குலமும் (12.7) 12 மில்லிமீட்டரும் இதே கதைதான்.

8. டிரில் சக் சாவியைப் பிளக் ஒயரில் கட்டுங்கள். சக்கிலேயே மறந்துவிட்ட சாவி, சுவிட்ச் போட்டதும் கவண் கல்லாகப் பறக்கும். பிளக்குக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் பிளக்கைப் பிடுங்காமல் சாவி சக்குக்கு எட்டாது. கை டிரில்களில் ஒயரோடு ஒரு ரப்பர் பிடி வருவது இதற்காகத்தான். அதை வெட்டி எறிகிறவர்கள் உண்டு.

9. பிட்டு மாறினால் வேகமும் மாற வேண்டும். 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய பிட்டை 24,000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிட்டின் தண்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றைப் படித்துப் பாருங்கள். சின்னப் பிட்டுக்குப் போட்ட பழைய புரோகிராமில் பழைய வேகமே எழுதியிருக்கும், அதை மெஷின் அப்படியே கேட்கும்.

10. ஆழக் கணக்கையும் புதிதாக எடுங்கள். ஒவ்வொரு பிட்டும் ஒவ்வொரு நீளம். பழைய பூஜ்யத்திலேயே ஓட விட்டால் நீளமான பிட்டு பலகையைத் தாண்டி மேசையில் இறங்கி முறியும். முதல் ஓட்டத்தைப் பலகைக்கு மேலே காற்றில் விடுங்கள், ஒரு கை சிவப்புப் பொத்தான் மேலேயே இருக்கட்டும்.

11. கொல்லையில் நின்ற மரம் என்றால் ஆணி தேடுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் பலாவும் மாவும் புளியும் தென்னையும் சாய்ந்து கிடந்தன. அப்போது அறுத்துப் போட்ட பலகைகள் இன்னும் பல கொட்டகைகளில் சாத்தியிருக்கின்றன. துணிக்கொடி கட்டிய ஆணி, கட்சிப் பலகை அடித்த ஆணி, புளியமரத்தில் பேய்க்கென்று அடித்த ஆணி எல்லாம் மரம் பெருக்கப் பெருக்க உள்ளே புதைந்துபோயிருக்கும். பேயை விடுங்கள், ஆணி மட்டும் அங்கேயே நிற்கும். ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெல்ல இழுத்தால் மேலோட்டமாகப் புதைந்ததைக் காட்டிக்கொடுக்கும். ஆணியில் பட்ட பிட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் ஒரு கடுகளவு சில்லு போயிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

12. சூடான பிட்டைத் தண்ணீரில் போடாதீர்கள், கார்பைட் விரியும். காலெட்டுக்குள் இருக்கும் தூளைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை முகத்துக்கு எதிரே அடித்தால் தூள் கண்ணுக்குத்தான் வரும்.

13. வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்திவையுங்கள், வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அடுப்படியிலேயே இருக்கட்டும். விரல் துண்டாகிவிட்டால் துண்டை ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு முடிந்து, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். ஐஸ்கட்டி விரலில் நேரடியாகப் படக் கூடாது. 108-க்குப் பேசும்போதே விரல் துண்டானதைச் சொல்லிவிடுங்கள்.

14. ஆயுத பூஜைக்குப் பிட்டுகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. மறுநாள் வேலை தொடங்கும் முன் தண்டுப் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்த சந்தனத்தோடு காலெட்டில் செருகினால் பிட்டு கோணலாக உட்காரும். ஸ்பிண்டிலில் போட்ட கதம்ப மாலையை மறக்காமல் எடுங்கள். ஒரு வருடம் நாங்கள் மறந்தோம். கூரை ஓட்டிடுக்கில் காய்ந்த மரிக்கொழுந்து இன்னும் இருக்கிறது.