ஹாம்ப்டன் வெறும் வித்தைக்காரரா?

கேள்வி: ஜாஸ் கலைஞர் லயனல் ஹாம்ப்டன் இசையைவிட மேடைக் கூத்தால்தான் பேர் வாங்கினார் என்கிறார்களே, சரியா?

பதில்: கூத்து உண்டு, டிரம் மீதே ஏறிக் குதித்தவர்தான். ஆனால் 1930இல் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டில் ஹாம்ப்டன் வாசிக்கும்வரை, உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி ஒலிக்கும் வைப்ரஃபோனை ஜாஸில் யாரும் பெரிதாக மதித்ததில்லை. கற்பனை விரியும் தனிவாசிப்புக்கு உரிய கருவியாக அதை ஆக்கியவர் அவரே. 1936இல், வெள்ளையரான கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் நால்வர் குழுவில் கறுப்பரான ஹாம்ப்டன் சேர்ந்தார். அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. டிரம் வாசித்துப் பழகிய அவரது கைகளின் தாளக்கட்டு அந்த நால்வர் குழுவின் பதிவுகளில் துல்லியமாகக் கேட்கிறது.

'1940இல் சொந்தப் பெருங்குழு தொடங்கியபின் இரைச்சல்தானே மிச்சம்?' எனலாம். இரைச்சல் இருந்தது, மறுக்கவில்லை. எனினும் 1942இன் 'ஃப்ளையிங் ஹோம்' பதிவில் பேர் வாங்கியது தலைவரல்ல, சாக்ஸபோன் வாசித்த 19 வயது இல்லினாய் ஜக்கெட். வெறும் வித்தைக்காரர் இப்படி இடம் விட்டிருப்பாரா? பாடகி டைனா வாஷிங்டன், கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி, இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் எல்லோரும் அந்தக் குழுவில் தேறியவர்களே. மற்ற பெருங்குழுக்கள் பல கலைந்த பிறகும் இந்தக் குழு நின்றதற்கு, கூட்டத்தைக் கூட்டிய அதே கூத்தும் ஒரு காரணம். முதலில் குட்மன் நால்வர் பதிவுகளைக் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு எழுதுங்கள்.