சொல்லுக்கும் ஜோடி உண்டு!



போன மாதம் ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தேன். எங்கப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். அந்த வேலையை நானும் கற்றதைச் சொல்ல நினைத்து, "ஐ டிட் எ ஸ்கில்" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் சிரிச்சுப்போட்டாங்க. பேச்சே வரலை. பாதியில் இறங்கிட்டேன்.

மறுநாள் ஆங்கில டீச்சரிடம் அழுதேன். "ஏங்கண்ணு, பூ கட்டுவோம், கோலம் போடுவோம். கோலம் கட்டுவோமா? ஆங்கிலத்திலும் சொல்லுக்கு ஜோடி உண்டு" என்றார். அவர் சொல்லித் தந்த ஜோடிகள் இதோ:

1. லேர்ன் எ ஸ்கில்: திறமையைக் கற்றல். 'டிட்' இதற்கு ஜோடி சேராது.

2. பிக் அப் எ ஸ்கில்: பார்த்தும் பழகியும் தானாகக் கற்றல். 1893-ல் நம் கோவைப் பக்கம் கலங்கலில் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைக் கழற்றி மாட்டியே தொழில் பழகினார். 'ஹி பிக்ட் அப் த ஸ்கில்.'

3. ட்ரயல் அண்ட் எரர்: முயன்று, தவறி, திருத்திக் கற்றல். முன்னால் 'பை' வரும். 'ஹி லேர்ன்ட் பை ட்ரயல் அண்ட் எரர்.'

4. யூஸ் எ மெத்தட்: ஒரு முறையைக் கையாளுதல். 'டூ எ மெத்தட்' என்பது தவறு.

5. மாஸ்டர் எ டெக்னிக்: நுட்பம் கைவரப் பெறுதல். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டவர், 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்.

6. பாஸ் ஆன் எ ஸ்கில்: கற்றதை அடுத்தவருக்குக் கொடுத்தல்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "நான் மொதல்ல கட்டுன காயில் புகைஞ்சு போச்சு சாமி. அதுக்காகப் பட்டறையைச் சாத்திட்டனா?" என்றார். இதுவும் ட்ரயல் அண்ட் எரர்தானே!

வரும் திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மறுபடியும் பேசப் போகிறேன். முதல் வரி இதுதான்: "மை ஃபாதர் பாஸ்ட் ஆன் ஹிஸ் ஸ்கில் டு மீ." யார் சிரித்தாலும் இறங்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த ஜோடிச் சொற்களைக் கீழே விட்டிருக்கும் இடத்தில் எழுதுங்க. தப்பாக இருந்தால் திருத்திக்கலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி