"டிக் டிக்" பம்பும் ஒரு முழம் எர்த் ஒயரும்



எங்கள் வீட்டில் டிப்ளமா படிக்க வந்த முதல் ஆள் நான். சித்தப்பா மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை விட்டவர். அவரிடமும் வகுப்பிலும் நான் கற்றதைச் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பூரணாங்குப்பத்தில் கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் பழைய மாரிஸ் மைனர் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை தயாரான கார் இது. சாவியைப் போட்டதும் "டிக் டிக்" என்று சத்தம் வரும். அதுதான் எஸ்.யூ. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்.

வேலை செய்யும் விதம்

பம்புக்குள் ஒரு காயில், ஒரு டயாப்ரம், ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி பாயின்ட். கரன்ட் வந்ததும் காயில் டயாப்ரத்தை இழுக்கும்; டாங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும். இழுத்து முடிந்ததும் பாயின்ட் பிரிந்து கரன்ட் நிற்கும். ஸ்பிரிங் டயாப்ரத்தைத் தள்ளி பெட்ரோலை கார்புரேட்டருக்கு அனுப்பும். மறுபடி பாயின்ட் சேரும். ஒரு சுற்றுக்கு ஒரு "டிக்". மிதவை அறை நிரம்பினால் நீடில் வால்வு மூடும், பம்ப் தானே ஓய்வெடுக்கும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரீமியர் பத்மினி கார்களில் கேம் ஷாஃப்ட் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப். டிக் சத்தம் இல்லை. ஆனால் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்ப் மேல் ஈரத்துணி போட்ட டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

சத்தத்தைக் கேட்டே நோய் அறியலாம்

1. முதலில் வேகமாக அடித்து, பிறகு நின்றால்: நல்ல பம்ப்.
2. நிற்காமல் வேகமாக அடித்தால்: டாங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது.
3. இன்ஜின் ஓடாதபோதும் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தால்: வால்வில் தூசி, அல்லது எங்கோ பெட்ரோல் வழிகிறது.
4. சத்தமே இல்லை என்றால்: பாயின்ட் கருகியிருக்கும், அல்லது கரன்ட் வரவில்லை, அல்லது எர்த் இல்லை.

நான் செய்த தப்பு

பம்ப், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் இருக்கிறது. தகடு மத்தளம் மாதிரி. சின்ன "டிக்"கையும் பெரிதாக்கும். அதனால் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் வைத்தேன். சத்தம் பாதியாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

மறுநாள் தவளக்குப்பம் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு. நடுரோட்டில் வண்டி நின்றது. மேளக்காரர்கள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், தள்ளுகிறவர்கள் ஒரு பக்கம். சித்தப்பா வந்து பார்த்தார். "ஏன்டா, ரப்பர் போட்டியே, எர்த் எங்கடா போகும்?" என்றார். அதுவரை பெட்ரோல் குழாய் வழியாக அரைகுறையாக எர்த் கிடைத்திருக்கிறது. அதிர்வில் அதுவும் விட்டுவிட்டது. பெட்ரோல் குழாயில் கரன்ட் ஓடியது என்று நினைத்தாலே இப்போதும் பயமாக இருக்கிறது. ஒரு முழம் ஒயரில் பம்ப் உடம்பிலிருந்து சேஸிஸுக்கு எர்த் கொடுத்தார். "டிக்" என்றது. அன்று வாடகையில் பாதியைத்தான் கொடுத்தார்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ரப்பர் புஷ் போட்டால் தனி எர்த் ஒயர் கட்டாயம். பாயின்ட்டை மெல்லிய எமரி பேப்பரால் துடைத்து, குறுக்கே கன்டென்சர் இருந்தால் பொறி குறையும், பாயின்ட் நீண்ட நாள் வரும். பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை வாங்கினால், மாரிஸ் மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி என்பதை மறக்காதீர்கள். பிரஷர் அதிகமான புது பம்பைப் பொருத்தாதீர்கள். இந்தக் கார்புரேட்டருக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. போதும், மீறினால் பெட்ரோல் வழியும். 2023-ல் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள்.

நண்பர்களே, சத்தத்தைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் குறைப்பதற்கு முன், அந்தப் பாகம் வேறு என்ன வேலையும் பார்க்கிறது என்று கேளுங்கள். போல்ட் பம்பைத் தாங்க மட்டும் இல்லை, எர்த்தும் கொடுத்தது. அதை எனக்குச் சொன்னது எட்டாவது படித்த கை.



— ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவன், பூரணாங்குப்பம்