ஒரு டிக், 59 பவுண்ட் 40 பென்ஸ்

கூடுதலாக நாலு ஷிஃப்ட் செய்த மாதம் அது. ஜி.பி எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கப் போனீர்கள். சீட்டின் பின்பக்கம் வழக்கம்போல, யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை பெறுவதால் கட்டண விலக்கு உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு, காசு கொடுக்காமல் வந்தீர்கள். சில மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம். மருந்துக் கட்டணம் 9.90 பவுண்ட், அபராதம் 49.50 பவுண்ட், ஆக 59.40 கட்டுங்கள் என்கிறது.

மருந்துச் சீட்டைப் பொறுத்தவரை இந்தத் தலைவலி இங்கிலாந்துக்கு மட்டும் உரியது. வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டன. இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். விலக்கு இல்லாதவர் இலவசமாக வாங்கினால் கட்டணத்தைப் போல ஐந்து மடங்கு அபராதம். அதற்கு உச்சவரம்பு 100 பவுண்ட். கட்டணத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். பல் வைத்தியத்தில் இன்னும் வலிக்கும். 2025 ஏப்ரல் கட்டணப்படி பல் அடைப்பது, பிடுங்குவது போன்ற இரண்டாம் நிலைச் சிகிச்சைக்கு 75.30 பவுண்ட், அதோடு 100 சேர்ந்தால் 175.30. இருபத்தெட்டு நாளுக்குள் கட்டாமலும் பதில் சொல்லாமலும் இருந்தால் மேலும் 50 பவுண்ட் வரை ஏற்றலாம்.

எனவே கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளுவது மோசமான முடிவு. பயந்துபோய் அன்றே கார்டை எடுத்துக் கட்டிவிடுவதும் பல நேரம் வீண்செலவு. 2019 மே மாதம் தேசியத் தணிக்கை அலுவலகம் இந்த அபராதங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 2014-லிருந்து அதுவரை அனுப்பிய 56 லட்சம் நோட்டீஸ்களில் சுமார் 17 லட்சம், ஆட்கள் எதிர்த்துக் கேட்டு, விலக்கு இருப்பது உறுதியான பிறகு திரும்பப் பெறப்பட்டவை என்றது அந்த அறிக்கை. பத்தில் மூன்று! கேட்காமல் கட்டியவர்களில் எத்தனை பேர் கட்ட வேண்டாதவர்களோ, யார் கண்டார்கள்?

கடிதத்தை அனுப்புவது என்.எச்.எஸ் பிசினஸ் சர்வீசஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு. உங்கள் ஜி.பி-யோ மருந்துக்கடைக்காரரோ அல்ல. அவர்களிடம் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. முதலில் கடிதம் எந்த வகை என்று பாருங்கள். அபராதத்துக்கு முன்னால், "உங்களுக்கு விலக்கு இருந்ததை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை, விவரம் தாருங்கள்" என்று கேட்கும் விசாரணைக் கடிதம் வரும். அதற்கும் 28 நாள்தான். அந்த நிலையிலேயே விலக்குச் சான்றிதழ் எண்ணையோ உதவித்தொகை விவரத்தையோ கொடுத்தால் காரியம் அங்கேயே முடியலாம். வீடு மாறியது, ஜி.பி-யிடம் பழைய முகவரியே கிடப்பது, பெயர் எழுத்துப்பிழையாகப் பதிவானது, இவையெல்லாம் பொருத்திப் பார்ப்பதைக் கெடுக்கும். அப்பா பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் பதிவாகிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். அன்று எனக்கு உண்மையில் விலக்கு இருந்ததா? முறையீடு எந்த வழியில் போக வேண்டும் என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது. இருந்தது என்றால் சான்றைக் காட்டினால் போதும். இல்லை என்றால், "விலக்கு இல்லை, ஆனால் நான் கவனத்தோடுதான் நடந்தேன்" என்று காட்ட வேண்டும். இரண்டையும் கலந்து எழுதினால் எதுவும் நிற்காது.

சம்பளம் செய்யும் குழப்பம்

வேலை செய்துகொண்டே யூனிவர்சல் கிரெடிட் பெறுபவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். யூனிவர்சல் கிரெடிட் வாங்கினாலே மருந்து இலவசம் என்பது தவறு. கடைசியாக முடிந்த மதிப்பீட்டுக் காலத்தில் உங்கள் கைக்கு வந்த சம்பளம் 435 பவுண்ட் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் யூனிவர்சல் கிரெடிட் தொகையில் பிள்ளைக்கான பகுதி இருந்தாலோ, உடல்நிலையால் வேலைத்திறன் குறைந்தவர் என்று பதிவாகியிருந்தாலோ வரம்பு 935 பவுண்ட். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்திருந்தால் இருவர் சம்பளத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

முதியோர் இல்லத்தில் பகுதி நேரமாக வேலை செய்யும் ஒருவர், தனி ஆள், பிள்ளைகள் இல்லை, என்று வைத்துக்கொள்வோம். நாலு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம், கைக்கு 400 பவுண்ட். அவருடைய மதிப்பீட்டுக் காலம் ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 13-ஆம் தேதி முடியும். மே 15-ஆம் தேதி ஒரு சம்பளம். இருபத்தெட்டு நாள் கழித்து ஜூன் 12-ஆம் தேதி அடுத்தது. இரண்டும் ஒரே காலத்துக்குள் விழுந்துவிட்டன. ஒரு மணி நேரம்கூட அதிகம் உழைக்கவில்லை, ஆனால் அரசாங்கக் கணக்கில் அந்த மாதம் அவர் 800 பவுண்ட்காரர். ஜூன் 20-ஆம் தேதி அவர் மருந்து வாங்கும்போது விலக்கு இல்லை. ஜூலை 14-க்குப் பிறகு மறுபடி உண்டு. நாலு வாரச் சம்பளத்தில் வருடத்துக்குப் பதின்மூன்று சம்பள நாள், மதிப்பீட்டுக் காலமோ பன்னிரண்டு. ஆகவே வருடத்தில் ஒருமுறை இது நடந்தே தீரும். இப்படி ஒரு விதியை யோசித்தவர் வாரச் சம்பளமோ நாலு வாரச் சம்பளமோ வாங்கியவராக இருந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு வேறு வழி உண்டு. வங்கி விடுமுறைக்காகவோ கிறிஸ்துமஸுக்காகவோ நிறுவனம் முன்கூட்டியே சம்பளம் போட்டு, இரண்டு மாதச் சம்பளம் ஒரே காலத்தில் விழுந்தால், ஒன்றை உரிய காலத்துக்கு மாற்றும்படி யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கின் ஜர்னலில் கேட்கலாம். 2020 நவம்பரில் விதி திருத்தப்பட்ட பிறகு இதற்கு இடமுண்டு. திருத்திய அறிக்கை கையில் வந்தால், முறையீட்டோடு அதையும் சேர்த்து அனுப்புங்கள். நாலு வாரச் சம்பளக்காரர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

மற்ற பள்ளங்கள்

விசாவுக்காகச் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறார்கள். மருந்துச் சீட்டுக்கும் பல்லுக்கும் அவர்களும் மற்றவர்கள்போலக் கட்ட வேண்டும். அறுபது வயது தாண்டினால் மருந்து இலவசம். பல் வைத்தியம் இலவசம் அல்ல. பி.ஐ.பி உதவித்தொகை மட்டும் இருந்தால் விலக்கு கிடையாது. புதிய வகை ஜே.எஸ்.ஏ, ஈ.எஸ்.ஏ உதவித்தொகைகள் இரண்டுக்கும் அதே கதைதான்.

நம் வீடுகளில் அதிகம் பேச வேண்டியது சர்க்கரை நோயைப் பற்றி. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மருந்து விலக்கு உண்டு, ஆனால் நோய் இருந்தால் போதாது, மருத்துவ விலக்குச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஜி.பி-யிடம் எஃப்.பி.92ஏ படிவம் கேட்டு நிரப்ப வேண்டும். ஐந்து வருடம் செல்லும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் என்றால் தகுதியில்லை. இந்தச் சான்றிதழ் பல் வைத்தியத்துக்குச் செல்லாது. கர்ப்பிணிகளுக்கும் வயிறு சாட்சி சொல்லாது. மகப்பேறு விலக்குச் சான்றிதழை மிட்வைஃப் அல்லது டாக்டர் மூலம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டு சான்றிதழுமே ஒரு மாதம்தான் முன்தேதியிட்டுக் கிடைக்கும். ஆகவே காலாவதியானது தெரிந்த நாளிலேயே விண்ணப்பித்துவிட்டு, அந்த விவரத்தை முறையீட்டில் எழுதுங்கள்.

"மருந்துக்கடைப் பிள்ளைதான் டிக் போட்டது" என்ற வாதம் எடுபடாது. யார் டிக் போட்டாலும் நோயாளிதான் பொறுப்பு என்பது கடிதம் அனுப்பும் அமைப்பின் நிலைப்பாடு.

முறையீட்டில் என்ன எழுதுவது

2006-ஆம் ஆண்டின் என்.எச்.எஸ் சட்டத்தில் ஒரு வாசல் இருக்கிறது. தவறான நோக்கத்தோடோ கவனக்குறைவாகவோ நடக்கவில்லை என்று ஒருவர் காட்டினால் அபராதத்துக்கும் கூடுதல் தொகைக்கும் அவர் பொறுப்பல்ல. காட்ட வேண்டியவர் நீங்கள் என்பதைக் கவனியுங்கள். "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னியுங்கள்" என்று எழுதினால் கவனக்குறைவை நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். கஷ்டத்தை மட்டும் நாலு பக்கம் எழுதினாலும் கேள்விக்குப் பதில் வராது.

அதற்குப் பதிலாக நாளும் தொகையும் பேசட்டும். நோட்டீஸ் எண், மருந்து வாங்கிய தேதி, அன்று எந்தக் கட்டத்தில் ஏன் டிக் போட்டீர்கள், அதற்கு முன் எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள். "மே மாத அறிக்கையில் என் சம்பளம் 400 பவுண்ட் என்று இருந்தது. அதற்கு முந்தைய ஐந்து மாதமும் அப்படியே. ஜூன் அறிக்கை எனக்கு வந்தது இந்தத் தேதியில், மருந்து வாங்கியது அதற்கு முந்தைய நாள்" என்பது போல. உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். தெரிந்தே பொய் சொன்னால் அது அபராதத்தைத் தாண்டிக் குற்றமாகிவிடும். கூடவே அந்தக் காலத்து யூனிவர்சல் கிரெடிட் அறிக்கை, இரண்டு பேஸ்லிப். அறிக்கையில் 'டேக்-ஹோம் பே' என்ற வரிக்குக் கோடு போட்டுக் காட்டுங்கள். படிப்பவர் தேடக் கூடாது. அந்த நாட்களில் மருத்துவமனையில் இருந்தீர்கள், வீட்டில் மரணம், மனநலச் சிக்கல் என்றால் அதையும் இரண்டு வரியில் சான்றோடு சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். ஆங்கிலம் தடுமாறினால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இலவசமாக உதவுவார்கள்.

விலக்கு இல்லை என்பது உங்களுக்கே உறுதியானால், 9.90-ஐ உடனே கட்டத் தயார் என்று சொல்லி, அபராதத்தை மட்டும் எதிர்ப்பதே என் யோசனை. அபராதம் தள்ளுபடியானாலும் அசல் கட்டணம் நிற்கும். அதற்காகப் பிடிவாதம் பிடித்தால் உங்கள் நேர்மைக்குச் சேதம். இணையத்தில் அனுப்பினால் வந்த ஒப்புகையைப் படமெடுத்து வையுங்கள். தபால் என்றால் அனுப்பிய ரசீது.

முறையீட்டை மறுத்துவிட்டால் போய் நிற்பதற்குத் தீர்ப்பாயம் எதுவும் இல்லை. அதே அமைப்பிடம் முறைப்படி புகார் கொடுத்து, அதன் இறுதிப் பதிலும் சரியில்லை என்றால் நாடாளுமன்ற, சுகாதாரச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். இடையில் தொகை கடன் வசூல் நிறுவனத்திடம் போகலாம், நீதிமன்றம் வரைகூட. ஒரே தடவையில் முடியாதவர்கள் தவணை கேட்டு எழுதுவது நல்லது.

நர்சுகளும் பராமரிப்புப் பணியாளர்களும் ரகசியமாகக் கேட்பது வேறு கேள்வி: வேலைக்கு ஆபத்தா? இது சிவில் அபராதம், குற்றத் தீர்ப்பு அல்ல, டி.பி.எஸ் குற்றப் பின்னணிச் சோதனையில் தண்டனையாக வராது. ஆனால் கட்டாமல் விட்டு நீதிமன்றத் தீர்ப்பு வரை போனால் கடன் வரலாற்றில் கறை படியும், வாடகை வீடு தேடும்போது அது தெரியும். அலுவலகத்தில் எச்.ஆரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: சம்பளம் எந்தத் தேதியில் வங்கிக்குப் போனது, எந்தத் தேதியில் வரித்துறைக்கு அறிவித்தார்கள் என்பதை எழுத்தில். அபராதக் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

மாதாமாதம் மருந்து வாங்குபவர் முன்பணச் சான்றிதழ் எடுத்துவிடலாம். 2024 மே விலைப்படி மூன்று மாதத்துக்கு 32.05 பவுண்ட், வருடத்துக்கு 114.50. வருடத்துக்குப் பன்னிரண்டு மருந்து வாங்கினாலே லாபம். வருமானம் குறைவு, ஆனால் யூனிவர்சல் கிரெடிட் இல்லாதவர்கள் எச்.சி.1 படிவம் போட்டுப் பார்க்கலாம், சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டாவிட்டால். எச்.சி.2 சான்றிதழ் வந்தால் முழு உதவி. எச்.சி.3 வந்தால் பகுதி உதவிதான், அதில் மருந்துச் சீட்டு சேராது.

இரண்டு சம்பளம் விழுந்த மாதமா, சான்றிதழ் வந்ததா இல்லையா என்று சந்தேகத்தோடு கவுண்டரில் நிற்கிறீர்களா? அன்று காசைக் கட்டிவிட்டு எஃப்.பி.57 ரசீது கேளுங்கள். சாதாரண பில் உதவாது. மறுநாள் திரும்பிப் போய்க் கேட்டாலும் தர மாட்டார்கள். விலக்கு இருந்தது உறுதியானால் மூன்று மாதத்துக்குள் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.