புல்லு மருந்தும் வாய்க்கால் மீனும்

அன்புள்ள யாழினிக்கு,

புல்லைக் கொல்லத்தானே அந்த மருந்து, மீன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருந்தாய். மருந்து விற்பவரும் இதையேதான் கேட்பார்!

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பார். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் நம் வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர். வயல்களையும் செம்பனைத் தோட்டங்களையும் கடந்து வந்து, சுங்கை டுவாவில் சுத்தமாகி, கடலடிக் குழாய் வழியாகத் தீவுக்கு வருகிறது. 1980களில் கெடா மாநில வயல்களில் ஆள் கிடைக்காமல் நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கத் தொடங்கினார்கள். நட்ட வயலில் தேங்கி நின்று களையை அடக்கிய தண்ணீரின் வேலை அதன்பின் மருந்துக்குப் போனது.

அந்த மருந்தில் ஒரு பங்கு மழையோடு வாய்க்காலில் இறங்குகிறது. அங்கே முதலில் அடிபடுவது நாம் கவனிக்காத ஒன்று: கல்லிலும் தண்டிலும் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசி. டையூரான் போன்ற மருந்துகள் ஒளிச்சேர்க்கையையே நிறுத்திவிடும். நத்தைக்கும் பூச்சிப் புழுக்களுக்கும் அந்தப் பாசிதான் சாப்பாடு. அவை குறைந்தால் மீன்குஞ்சுக்கு இரை இல்லை. நீர்ச்செடி செத்தால் ஒளிய இடமும் இல்லை. செத்த செடி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். ஆக, மருந்து மீனைத் தொடாமலேயே மீன் செத்துப்போகலாம்.

விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைச் சுவாசிப்பவை. மற்ற மீன்கள் செத்தாலும் இவை தாங்கும். அதைப் பார்த்து "மீன் இருக்கிறதே, தண்ணீர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். நம்பாதே.

மருந்தோடு கலக்கும் பொருளையும் விட்டுவிடக்கூடாது. 2005இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிக் ரெலியா தொட்டிக் குளங்களில் ரவுண்டப் என்ற புல்லு மருந்தை ஊற்றிப் பார்த்தார். தலைப்பிரட்டைகள் பெருமளவில் செத்தன. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

பாராகுவாட் என்ற புல்லு மருந்தை 2002இல் நிறுத்தப்போவதாக நம் மலேசிய அரசாங்கம் சொன்னது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1இல்தான் முழுத்தடை வந்தது. அதற்காகப் போராடியவர்கள் முன்வைத்தது மீனை அல்ல, தோட்டத்தில் மருந்து அடித்த பெண்களின் உடம்பை. அவர்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். வாய்க்காலுக்கு அப்படிப் பேச ஆள் கிடைக்கவில்லை.

உன் பள்ளித் திட்டத்துக்காக வாய்க்காலுக்குப் போகும்போது விடிகாலையில் போ. மீனை எண்ணாதே, கல்லைப் புரட்டி நத்தையையும் தும்பிப் புழுவையும் எண்ணு. வயல்காரரிடம் என்ன மருந்து, என்றைக்கு அடித்தார் என்று கேட்டு எழுது. கையுறை போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா