எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

பெருங்குடியில் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் என்னைப் பார்க்கிற பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கிள், எந்தக் கேமரா வாங்கலாம்?" பெரும்பாலும் ஐ.டி.யில் இருப்பவர்கள். சம்பளம் வருகிறது, சனிக்கிழமையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அவர்களுக்கு அவ்வப்போது சொன்னவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. ஆறு மாதத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள். ஃபோன் போதும். நல்ல படம் கருவியின் விலையில் இல்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்காகவும் பேசப்படுபவர். அவருடைய கேமராவே பல பாகங்களைச் சேர்த்து அவர் உருவாக்கிக்கொண்டதுதான். விலை உயர்ந்த கேமராவை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் பிளாக்கிலேயே இருக்கிறார்கள்.

2. லடாக்கும் கென்யாவும் பிறகு. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022இல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி பெற்றது. சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு பக்கம் குப்பைக் கிடங்கு, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவே கூழைக்கடா, பூநாரை, நெடுங்கால் உள்ளான். குப்பையும் கட்டடமும் பறவையும் ஒரே சட்டத்துக்குள் வருகிற இடம் உலகத்தில் அதிகம் இருக்காது. 'குப்பை தெரிகிறதே' என்று வெட்டிவிடாதீர்கள். அதுதான் நம் ஊர்ப் படம்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். நீலத் தாழைக்கோழியை முதல் நாள் பார்த்தால் 'நீலமாக ஒரு கோழி', அவ்வளவுதான். பழகிய பிறகுதான் அது கோரைத் தண்டைப் பிடுங்கி, நீண்ட சிவப்பு விரல்களால் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பதுபோல் உரித்து உள்ளிருக்கும் வெள்ளைச் சோற்றைத் தின்பது கண்ணில் படும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீளவால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான். ஜனவரியில் மட்டும் வந்து போகிறவர்கள் வாலில்லாத பறவையைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள்.

3. விடியும்போதே போங்கள். வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கும் தார்ச்சாலைக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். தூரத்துப் பறவை எந்த லென்ஸிலும் கூர்மையாக விழாது. மூன்று லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவரும் பத்து மணிக்கு வந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

4. கொக்கு வெள்ளை, தண்ணீர் கறுப்பு. கேமரா தண்ணீரைப் பார்த்து 'இருட்டு' என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகெல்லாம் சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஃபோனில் என்றால் கொக்கின்மேல் விரலை வைத்து, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். பறப்பதை எடுக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். மற்ற எண்களைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம்.

5. கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். பறக்கவைக்கக் கல் எறியாதீர்கள். எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கழுத்தில் அடையாள அட்டையோடு. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலையில் வண்டியைச் சட்டென்று ஓரங்கட்டுவதும் வேண்டாம். பின்னால் லாரி வரும். குப்பை பொறுக்குகிறவர்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் வறுமை உங்கள் பொழுதுபோக்குக்கான பொருள் இல்லை.

6. தோல் பையில் லென்ஸை வைத்து மூடினால் சென்னைக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். முடிந்தது.

7. லைக் எண்ணாதீர்கள். எண்ண ஆரம்பித்தவன் அடுத்த வாரமே மற்றவனுக்குப் பிடித்த சூரிய அஸ்தமனத்தை எடுக்கப் போய்விடுகிறான். உங்களுக்கு ஏன் பிடித்தது என்று உங்களுக்கே தெரிந்த படம் மாதத்துக்கு ஒன்று தேறினால் அது நல்ல மாதம். அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போடுங்கள்.

8. பிரிண்டின் பின்புறம் தேதியும் இடமும் எழுதுங்கள். இதைச் சொன்னால் 'ஃபோனிலேயே இருக்கிறதே அங்கிள்' என்கிறார்கள். ஃபோன் எத்தனை வருஷம் இருக்கும்? சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்களை இன்றைக்கும் புரட்டிப் பார்க்கிறார்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரிவதால்தான் அவை வரலாற்றுக்கும் உதவுகின்றன. சதுப்பு நிலத்தின் ஓரத்தில் புதிதாக மண் கொட்டுகிறார்கள் என்று வையுங்கள். போன வருஷம் அங்கே தண்ணீர் நின்றதைக் காட்டுகிற, தேதி போட்ட படம் உங்களிடம் இருக்குமா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கத் தொடங்குங்கள்.